புள்ளி காட்டும் எண் பொய் சொல்லுமா?

கிராப் தாளில் வளைகோடு வரைந்து, அதிலிருந்து ஓர் அளவைப் படிக்க என்ன செய்வீர்கள்? அளவுகோலை வைத்து அச்சு வரை கோடு இழுத்து, சிறு கட்டங்களை எண்ணுவீர்கள். கணினித் திரையில் அந்த வேலையே இல்லை. சுட்டியை வளைகோட்டின் மேல் வைத்து அழுத்தினால், ஒரு சிறு பெட்டியில் நேரமும் தொலைவும் எண்களாகத் தோன்றும். இதைத் ‘தரவுச் சுட்டி’ என்பர்.

கணினி அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது? திரை என்பது நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. கிடையச்சு 100ஆவது ஒளிப்புள்ளியில் தொடங்கி, 800 புள்ளிகளில் 2 வினாடிகளைக் காட்டுகிறது என்று கொள்வோம். சுட்டி 300ஆவது புள்ளியில் இருந்தால், கடந்தவை 200 புள்ளிகள். 200ஐ 800ஆல் வகுத்து 2ஆல் பெருக்குங்கள். விடை 0.5 வினாடி. விகிதக் கணக்குதான்!

ஓர் ஒளிப்புள்ளியின் மதிப்பு 0.0025 வினாடி. ஆகவே பெட்டியில் ஆறு தசம இலக்கங்கள் தெரிந்தாலும், கடைசி இலக்கங்களை நம்ப வேண்டாம்.

தரவுச் சுட்டி இன்னொரு வழியையும் கையாளும். நீங்கள் அழுத்திய இடத்துக்கு மிக அருகிலுள்ள அளவீட்டுப் புள்ளியைத் தேடி அதில் ஒட்டிக்கொள்ளும். பித்தாகரஸ் தேற்றமே இங்கும் உதவுகிறது. ஆனால் வினாடியின் வர்க்கத்தையும் மீட்டரின் வர்க்கத்தையும் கூட்ட முடியாதல்லவா? எனவே தூரத்தை ஒளிப்புள்ளிகளில் அளப்பதே முறை. இப்படி ஒட்டிக்கொண்டபின் காட்டப்படுவது, நினைவகத்தில் உள்ள உங்கள் அளவீடேயாகும்.

‘மேட்லாப்’ போன்ற மென்பொருள்களில் இந்த ஒட்டுதலை நீக்கிவிடவும் முடியும். அங்கேதான் கவனம் தேவை. தடையின்றி விழும் கல் ஒன்று 0.4 வினாடியில் 0.784 மீட்டரும், 0.6 வினாடியில் 1.764 மீட்டரும் விழுகிறது. இவ்விரு புள்ளிகளையும் கணினி நேர்கோட்டால் இணைக்கிறது. 0.5 வினாடியில் சுட்டியை வைத்தால் 1.274 மீட்டர் என்று காட்டும். இந்த எண்ணை யாரும் அளக்கவில்லை! ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 எனக் கொண்டு நீங்களே கணக்கிடுங்கள், 1.225 மீட்டர்தான் வரும். கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் பிழை! கல்லின் பாதை மாறவில்லை. வளைகோட்டை நேர்கோடாக எண்ணியதால் வந்த வினை இது.

1968ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் சுட்டியை அறிஞர்கள் முன் இயக்கிக் காட்டினார். திரையில் ஓர் இடத்தைக் கையால் சுட்டிக்காட்டும் வசதி இன்று எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. அது காட்டும் எண்ணை ஆராயும் பொறுப்பு மட்டும் நம்முடையது.

அடுத்தமுறை திரையில் வரைபடம் வரையும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த எண் அளந்ததா, இடையில் கணக்கிட்டதா? ஓர் ஒளிப்புள்ளி நகர்ந்தால் இது எவ்வளவு மாறும்? விடை தெரிந்தபின் எண்ணைச் சோதனை ஏட்டில் எழுதுங்கள்.