விதியும் விலக்கும்: அமெரிக்க லாரியோட்டிகளின் கால வரையறை

இலக்கண நூலார் ஒரு விதியைக் கூறியபின், அவ்விதி சென்றெய்திய இடங்கள் சிலவற்றினின்றும் அதனை நீக்குதற்கு வேறொரு சூத்திரம் செய்வர். அதனை எய்தியது விலக்கல் என்பர் உரையாசிரியர். ஆண்டு விலக்கப்பட்டது எத்துணை, விலக்கப்படாது நின்றது எத்துணை என்று அளந்தறியாத மாணாக்கன் விதியையும் அறியான், விலக்கையும் அறியான். இஃது இலக்கண வகுப்பிற்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் லாரியோட்டிகளுக்கென ஏற்பட்ட சட்டங்களும், ஆபத்துக் காலங்களில் அவை சில நாள் தளர்த்தப்படும் முறையும் இவ்வாறே அமைந்துள்ளன.

1935-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை ஒரு மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றி, லாரியோட்டிகளின் வேலை நேரத்தை வரையறுக்கும் அதிகாரத்தை வர்த்தகக் கமிஷன் ஒன்றிற்கு அளித்தது. சில ஆண்டுகளுக்குள் விதிகள் எழுந்தன. பலகாலும் திருத்தப்பெற்ற அவற்றை இன்று நடத்தி வருவது, 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய மோட்டார் வாகனப் பாதுகாப்பு நிர்வாகம். சரக்கு லாரி செலுத்துவோன் இடைவிடாது 10 மணி நேரம் ஓய்ந்திருந்த பின்னரே வேலை தொடங்கலாம். தொடங்கியபின் 11 மணி நேரத்திற்கு மேல் வண்டி செலுத்தலாகாது. 8 மணி நேரம் செலுத்தியபின் அரை மணி நேரமேனும் செலுத்தாதிருத்தல் வேண்டும். 7 நாளில் 60 மணி, அல்லது 8 நாளில் 70 மணி வேலை செய்தபின் வண்டி செலுத்தலாகாது.

இவற்றினும் கடியது 14 மணி விதி. வேலை தொடங்கிய நேரத்தினின்று 14 மணி கழிந்தபின் அவன் வண்டி செலுத்துதல் கூடாது. கிடங்கின் வாயிலில் சரக்கிறக்கக் காத்துக் கிடந்த நான்கு மணி நேரமும் அக்கணக்கிற் சேரும். வண்டியிலேயே படுக்கையுடையார்க்குள்ள சில தனி ஏற்பாடுகள் ஒழிய, அக்கடிகாரம் எவர் பொருட்டும் நில்லாது. லாரியோட்டிகளிற் பலர் மைல் கணக்கிற் கூலி பெறுவோர். ஆகவே காத்திருந்த நேரம் கூலியையும் தின்று, நாளையும் தின்றுவிடுகின்றது. அன்றியும், 1938-ஆம் ஆண்டின் தொழில் நியாயச் சட்டம் மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி விதித்ததாயினும், மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் பெரிய லாரிகளைச் செலுத்துவோரை அவ்வுரிமையினின்றும் நீக்கியே வைத்தது. நேரத்தைக் கமிஷன் காக்கும், ஆதலின் கூலியைச் சட்டம் காக்க வேண்டுவதில்லை என்று அக்காலத்தோர் எண்ணினர் போலும்! முன்னர்க் கணக்கைக் கையால் எழுதிவந்தனர். 2017 டிசம்பர் முதல், வண்டியின் இயந்திரத்தோடு இணைந்த மின்கருவி ஓட்டிய நேரத்தைத் தானே பதிந்துகொள்கின்றது.

இனி, விலக்கு. புயல், வெள்ளம் முதலியன நேர்ந்து நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டால், துயருற்ற இடத்திற்கு நேரே உதவி கொண்டுசெல்வோர்க்கு இவ்வரையறைகள் தளரும் என்பது முன்னரே ஏட்டில் இருந்தது. ஆயினும் நாடு முழுவதற்கும் ஒருசேர அந்நிர்வாகம் அத்தகைய பிரகடனம் செய்தது 2020 மார்ச் 13-ஆம் நாளிலேயே முதன்முறை. கொரோனா நோய் பரவிய அந்நாளில் மருந்தும் முகக்கவசமும், வெறுமையான கடைகளை நிரப்புதற்குரிய உணவும் விரைந்து சேரவேண்டியிருந்தமையின், அவற்றை ஏற்றிச் செல்வோர்க்கு நேரக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. உத்தரவு பலமுறை திருத்தியும் நீட்டியும் 2022 அக்டோபர் 15 வரை நடந்தது. நோய்க்கு அஞ்சி அலுவலகங்கள் மூடப்பட்டமையால், 2020 மார்ச் முதல் தேதியிலோ அதன்பின்னோ காலாவதியான லைசென்சுகளும் முதற்கண் அவ்வாண்டு ஜூன் 30 வரை செல்லுபடியாகுமென வேறோர் உத்தரவு கூறியது.

சட்டமே போயிற்று என்று அப்பொழுது எண்ணியோரும் இருந்திருப்பர். போகவில்லை. மதுவும் போதைப்பொருளும் உண்டனரா என்னும் பரிசோதனை நீங்கவில்லை. லைசென்ஸ் இன்றி ஓட்டலாமென்று எவரும் கூறவில்லை. இன்ஷூரன்ஸ், வெடிப்பன எரிவனவாகிய பொருள்களுக்குரிய விதிகள், வண்டியின் எடை அளவு ஆகியன நின்றபடியே நின்றன. வேலைக்கு ஆகாதென முன்னரே நிறுத்தி வைக்கப்பட்ட ஓட்டிக்கும் வண்டிக்காரக் கம்பெனிக்கும் இச்சலுகை இல்லை. சாதாரணச் சரக்கு நிறைந்த லாரியில் பெயருக்கு ஒரு பெட்டி முகக்கவசம் வைத்துக்கொண்டு சலுகை கேட்பாரையும் உத்தரவு முன்னறிந்து விலக்கியது. மனித சுபாவத்தை நன்கறிந்தவரே அவ்வாக்கியத்தை எழுதியிருத்தல் வேண்டும். பசித்த தாவீது சமுகத்தப்பங்களைப் புசித்த வரலாற்றைச் சுவிசேஷம் எடுத்துக் கூறுகின்றது. அதனால் அவ்வப்பம் எல்லார்க்கும் எந்நாளும் பொதுவாகிவிடவில்லை யன்றோ!

எம் கருத்தில் இவ்வுத்தரவின் உயிர்ப்பகுதி, திரும்பும் வழியைப் பற்றியது. உதவியை இறக்கிவிட்ட ஓட்டி வெறும் வண்டியோடு தன் நிலையத்திற்கு மீளலாம். அவ்வழிக்கும் நேரக் கணக்கில்லை. ஆனால், "உடனே ஓய்வு வேண்டும்" என்று அவன் தன் கம்பெனிக்கு அறிவிப்பானாயின், குறைந்தது 10 மணி நேரம் ஓய்ந்தபின்னரே அவனைத் திரும்புமாறு கேட்கலாம். நிலையம் சேர்ந்தபின் மீண்டும் 10 மணி ஓய்வு கட்டாயம். தூக்கம் கெஞ்சும் கண்ணுக்கு நெருக்கடியென்பது தெரியாது. முப்பது டன் இரும்பும் சரக்கும் உருண்டு வருகையில், எதிரே வருபவன் உயிரும் அக்கண்ணையே நம்பியிருக்கின்றது. அவ்வாறிருந்தும், ஓய்வு கேட்கும் பொறுப்பு ஓட்டியின் வாயில் விடப்பட்டமை குறையே. மைல் கணக்கில் கூலி பெறுபவன் அதனை எளிதிற் கேளான். கேட்டாலும் எங்கே ஓய்வது? பென்சில்வேனியா மாகாணம் அதே மார்ச்சில் நெடுஞ்சாலை ஓய்விடங்களை அடைத்து, எதிர்ப்பு எழுந்தபின் சிலவற்றை மீளத் திறந்தது. ஓட்ட நேரம் நீட்டுதல் ஒரு கையெழுத்தில் முடிந்தது. ஓய்வதற்கு இடமோ அங்ஙனம் முடியவில்லை.

2021 மே மாதத்தில் கொலோனியல் என்னும் எண்ணெய்க் குழாய்க் கம்பெனியின் கணினிகள் பகைவராற் தாக்கப்பட்டு எண்ணெய் வரவு நின்றபோது, பெட்ரோலும் டீசலும் கொண்டுசெல்லும் லாரிகளுக்காக 17 மாகாணங்களிலும் தலைநகர்ப் பகுதியிலும் இவ்விலக்கு மீண்டும் வந்தது. இங்ஙனம் அடிக்கடி வரவே, நிர்வாகம் 2023 அக்டோபரில் விலக்கையே சுருக்கலாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் முதல், மாகாணக் கவர்னர் செய்யும் பிரகடனத்தால் தானாகக் கிடைக்கும் சலுகை 30 நாளினின்று 14 நாளாகக் குறைந்தது. அதுவும் வேலை நேர விதிகளை மட்டுமே தொடும். பிரேக்கும் டயரும் சோதித்தல் முதலிய ஏனை விதிகள் அந்த 14 நாளிலும் நடைபெற வேண்டும். மேலும் நாள் வேண்டுவோர் நிர்வாகத்தினிடம் காரணங்காட்டி விண்ணப்பித்துக்கொள்ளலாம்.