வலி திரும்பியது, நோயும் திரும்பியதா?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு லைம் நோய் வந்து, டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமானது. இந்தக் குளிர்காலத்தில் ஃப்ளூ பிடித்ததும் அதே உடம்பு வலி, அதே அசதி. ‘லைம் திரும்பிவிட்டதா? வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைச் சாப்பிடலாமா?’

சாப்பிட வேண்டாம். ஃப்ளூ வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. லைம் திரும்பியிருக்கவும் வாய்ப்பு குறைவு. பிறகு ஏன் அதே வலி?

அதற்கு முன் லைமின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1975 வாக்கில் அதே மாநிலத்தின் லைம் என்ற ஊரில் பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. தாய்மார்கள் விடாமல் கேட்டதால் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் ஆராய்ந்தார். இந்த நோயை உண்டாக்கும் சுருள் பாக்டீரியாவை மான் உண்ணியின் குடலில் வில்லி பர்க்டார்ஃபர் 1981இல் கண்டுபிடித்தார். அவ்வளவு போதும்; ருசிகரமான விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஃப்ளூ வந்தால் நம்மைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் வைரஸ் அல்ல, நம் உடம்பேதான். தொற்றுக்குள்ளான இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது ரத்தத்தில் கலந்து மூளையை எட்டித்தான் நம்மைச் சோர்வடையச் செய்கிறது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2023இல் ஹார்வர்டின் ஸ்டீபன் லிபர்லிஸ் குழு சுண்டெலிகளில் வேறொரு வழியையும் காட்டியது. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் முடியும் ஒரு சிறு நரம்புக் கூட்டம் அந்த வேதிப்பொருளை அங்கேயே உணர்ந்து மூளைக்குச் சேதி அனுப்புகிறது. அந்த நரம்புகளை நீக்கிய எலிகள், தொற்றின் தொடக்க நாட்களில் வழக்கம்போலத் தின்றன, குடித்தன, நடமாடின. அவற்றில் கூடுதலானவை பிழைக்கவும் செய்தன. பசியின்மையும் முடங்கிக் கிடப்பதும் இப்படி ஒரு கைப்பிடி நரம்புகள் இடும் உத்தரவாக இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. எலியில் கண்டது மனிதரிலும் அப்படியே நடக்கிறதா என்பதை இனிமேல்தான் உறுதி செய்ய வேண்டும்.

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை நினைத்துப்பாருங்கள். சாப்பாட்டுக்கும் அதே மணிதான், இரங்கல் விடுமுறைக்கும் அதேதான். மணி ‘எழுந்திரு’ என்று சொல்லுமே தவிர, எதற்கு என்று சொல்லாது. தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையான அழற்சிதான் அந்த மணி. ஃப்ளூ வைரஸும் அடிக்கும், லைம் பாக்டீரியாவும் அடிக்கும். வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென், புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைக் குறைப்பதன் மூலம் மணியில் துணியைச் சுற்றுகிறது; அடிப்பவரை நிறுத்துவதில்லை. ஒருமுறை வகுப்பில் பாம்பு புகுந்து மணி அடித்திருந்தால், அந்தப் பிள்ளைகள் பிறகு எந்த மணி கேட்டாலும் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். லைம் கண்டவரின் பயமும் அதுதான், நியாயமான பயம். ஆனால் சாப்பாட்டு மணிக்கெல்லாம் பாம்பு பிடிப்பவரை வரவழைக்க வேண்டியதில்லை.

இங்கே ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றும். குணமான பிறகும் லைம் ஆன்டிபாடிகள் பல ஆண்டுகள் ரத்தத்தில் இருக்கக்கூடும். ஃப்ளூவின்போது சோதித்து ‘பாசிட்டிவ்’ என்று வந்தால், அது பழைய தொற்றின் தடமாகவே இருக்கலாம். அந்தத் தாளை மட்டும் காட்டி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். சிகிச்சைக்குப் பின்னும் சிலருக்கு அசதியும் வலியும் நீடிப்பது உண்மை. அந்த வேதனையைக் கற்பனை என்று யாரும் தள்ளக் கூடாது. ஆனால் 2001இல் அமெரிக்காவிலும் 2016இல் நெதர்லாந்திலும் வெளியான ஆய்வுகளில், நீண்டகால ஆன்டிபயாட்டிக் அவர்களுக்குக் கூடுதல் பலன் தரவில்லை. ‘எதிர்ப்பாற்றலைத் தூண்டும்’ பொடிகளும் வேண்டாம். வலியைத் தருவதே அந்த எதிர்ப்பாற்றலின் ஆர்ப்பாட்டம்தான்.

செய்ய வேண்டியது எளிது. முதலில் ஃப்ளூ பரிசோதனை. ஃப்ளூ மருந்தான ஒசல்டாமிவிர் தேவையா என்று மருத்துவரை உடனே கேளுங்கள்; முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன். நீர் ஆகாரம், ஓய்வு, காய்ச்சல் மாத்திரை. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. லைம் வந்திருந்தது என்பதற்காக ஃப்ளூ தடுப்பூசியைத் தவிர்க்கவும் வேண்டாம்.

எப்போது லைமைச் சந்தேகிக்கலாம்? ஃப்ளூ தசைகளை வலிக்கச் செய்யும். ஒரு முட்டியை மட்டும் வீங்க வைக்காது. வட்டமாகப் பரவும் சிவந்த தடிப்பு, ஒரு பக்கம் கோணும் முகம், படபடப்புடன் மயக்கம், இருமலோ சளியோ இல்லாத கோடைக் காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போய், லைம் வந்த கதையையும் உண்ணி கடித்திருக்கக்கூடிய இடங்களையும் சொல்லுங்கள். மூச்சுத் திணறினாலும், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலும் தாமதிக்காதீர்கள். அது ஃப்ளூவே சிக்கலாகிவிட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். லைமைப் பற்றி யோசித்துக்கொண்டு அதைத் தவறவிட்டுவிடக் கூடாது.