இழு முறை (ஊடகக் குழாய்த்தொடர்)

இழு முறை என்பது ஊடகக் குழாய்த்தொடர் மென்பொருள்களில், தரவு தேவைப்படும் உறுப்பே தனக்கு முன்னுள்ள உறுப்பிடம் அதைக் கேட்டுப் பெறும் ஏற்பாடு ஆகும். முன்னுள்ள உறுப்பு தானாகவே தரவை அனுப்பிக்கொண்டிருந்தால் அது தள்ளு முறை எனப்படும். ஜிஸ்ட்ரீமர் என்னும் கட்டற்ற மென்பொருளில் இவ்விரண்டும் உள்ளன. இக்கட்டுரை அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

அம்பத்தூர், பாடி வட்டார மோட்டார் உதிரிப்பாக ஆலைகளை அறிந்தோர் கான்பான் என்னும் சொல்லைக் கேட்டிருப்பர். டொயோட்டா நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ உருவாக்கிய அம்முறையில், அடுத்த கட்டத்திலிருந்து அட்டை வந்த பின்னரே முந்தைய கட்டம் பொருளைச் செய்து தரும். எனினும் இவ்வுவமை ஓரளவே பொருந்தும். ஆலையில் இழுப்பதன் நோக்கம் தேங்கும் இருப்பைக் குறைப்பது. ஊடகக் கோப்பிலோ வேண்டிய இடத்தைத் தேர்ந்து படிப்பது.

தேவை

எம்பி4 கோப்பொன்றில் எந்தப் படச்சட்டம் எங்குள்ளது என்ற அட்டவணை 'மூவ்' எனும் பகுதியில் இருக்கும். பதிவு முடிந்த பின்னரே அது முழுமை பெறுவதால், பல கருவிகள் அதைக் கோப்பின் இறுதியில் எழுதுகின்றன. தள்ளு முறையில் கோப்பு முதலிலிருந்து வரிசையாக வரும். அட்டவணை கிட்டும் வரை வந்த தரவுக்குப் பொருள் காண இயலாது. இழு முறையில் பிரிப்பான் நேரே இறுதிக்குச் சென்று அட்டவணையைப் படித்துவிட்டு முன்பகுதிக்குத் திரும்பும்.

செயற்பாடு

ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ளீட்டு முனை, வெளியீட்டு முனை அல்லது இரண்டும் உண்டு. தொடர் இயங்கத் தொடங்கும்போது பிரிப்பானின் உள்ளீட்டு முனை, எதிர்முனை இழு முறையை ஏற்குமா என வினவும். ஏற்குமெனில் இரு முனைகளும் அம்முறைக்கு மாறும். இல்லையேல் தள்ளு முறையே. ஒரு முனை இழுக்க, மறுமுனை தள்ள முடியாது. இழுக்கும் உறுப்பு, தொடங்கும் இடத்தையும் பைட்டுகளின் அளவையும் தந்து கேட்கும். கோப்பின் இறுதியில் கேட்டதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம்.

வடிவமைப்பாளர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இயக்கும் இழை யாருடையது என்பதே. தள்ளு முறையில் அது மூல உறுப்பினுடையது. இழு முறையில் பிரிப்பானுடையது. பிரிப்பான் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளுவதால், அதற்குப் பின்னுள்ள குறிவிலக்கிகளுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

சிக்கல் எழுவது பயனர் வேறிடத்துக்குத் தாவும்போதுதான். இழை அப்போது தரவுக்காகக் காத்து முடங்கியிருக்கலாம். அதை விடுவிக்காமல் பூட்டைக் கேட்டால் இயக்கி முழுவதும் உறைந்துவிடும். எனவே முதலில் இருபுறமும் 'வெளியேற்று' நிகழ்வு அனுப்பப்படும். காத்திருந்த அழைப்புகள் திரும்பி, இழை நின்ற பின்னரே பூட்டைப் பெற்று, புதிய இடத்திலிருந்து ஓட்டம் தொடங்கும். இவ்வரிசையை மாற்றுவது புதிதாக உறுப்பு எழுதுவோர் செய்யும் வழக்கமான பிழை.

வரம்புகள்

ஒளிப்படக்கருவி, ஒலிவாங்கி போன்ற நேரலை மூலங்களில் பின்னோக்கிச் செல்ல இயலாது; அவற்றுக்குத் தள்ளு முறையே ஏற்றது. இணையத்திலிருந்து வரும் கோப்பை 'கியூ2' உறுப்பு தற்காலிகக் கோப்பில் சேர்த்து, பின்னுள்ளவர் இழுக்க இடமளிக்கும்.

வரலாறு

ஜிஸ்ட்ரீமரை எரிக் வால்தின்சன் 1999இல் தொடங்கினார். 0.8 பதிப்பு வரை தனியொரு திட்டமிடுவி உறுப்புகளை முறைவைத்து இயக்கியது. 2005 டிசம்பரில் வந்த 0.10 பதிப்பில் அது நீக்கப்பட்டு, இழையை இயக்கும் பொறுப்பு முனைகளுக்கே தரப்பட்டது. 2012இல் வெளியான 1.0 பதிப்பு, மேலே கண்ட வினவலைத் தற்போதைய வடிவில் அமைத்தது.