மின்சார மோட்டார் சைக்கிள் வாங்குமுன்

திருக்கனூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கிறது. மின்சார மோட்டார் சைக்கிள் வாங்க விழையும் குடும்பத்தார் முதலில் எண்ண வேண்டியது இத்தொலைவையே. விளம்பரத்தில் கண்ட எண்ணை அன்று.

2019-இல் வெளிவந்த ரிவோல்ட் ஆர்வி 400 வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை மின்னேற்றினால், மெதுவாகச் சென்றால் 150 கிலோமீட்டர், இயல்பாக ஓட்டினால் 100, விரைந்தால் 80 என்று நிறுவனமே கூறியது. பின்னால் ஒருவர் அமர்ந்தால் இன்னும் குறையும். பேட்டரி பழையதானாலும் குறையும். ஆகவே, அன்றாடத் தேவையைப்போல் இரு மடங்கு ஓடக்கூடிய வண்டியே கிராமத்தாருக்கு ஏற்றது. ஓரிரவு மின்சாரம் தடைப்பட்டாலும் மறுநாள் வேலை கெடாது.

அடுத்தது மின்னேற்றும் இடம். மேற்சொன்ன வண்டியின் பேட்டரியைக் கழற்றி வீட்டினுள் கொண்டு செல்லலாம். மாடியில் குடியிருப்போருக்கு இது வசதியே, தூக்கத் தெம்பிருந்தால்! சென்னையில் உருவாகி 2024 அக்டோபரில் அறிமுகமான ராப்டீ டி30 வண்டியோ, கார்களுக்குரிய நிலையங்களிலேயே மின்னேற்றிக்கொள்ள வல்லது. நெடும்பயணம் செய்வோருக்கு அது நன்று. மாலையில் வீடு திரும்புவோருக்கு நிலையம் அரிதாகவே தேவைப்படும். அவர்கள் தேர்ந்த எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் கம்பியுடன் தனி பிளக் ஒன்றை மழைநீர் படாத இடத்தில் அமைத்துக்கொள்வது முதற்செலவாக இருக்கட்டும்.