நுரை அடித்தளமும் பசை உலர்த்தும் கருவியும்
ஆக்ராவின் சிறு பட்டறைகளுக்கு ஏற்ற வழி எது?

காலணித் தொழிலில் தோலுக்கு இருந்த தனியிடம் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் குறைந்துவிட்டது. எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் பொருளிலிருந்து செய்யப்படும் நுரை அடித்தளம், பாலியூரித்தேன் நுரையாலான உள்மெத்தை ஆகியவை இன்று பெரும்பாலான காலணிகளில் இடம் பெறுகின்றன. எடை குறைவு, விலை மலிவு, நடப்பதற்கு இதம் ஆகியவை இவற்றின் சிறப்புகள். முன்பு தையலும் ஆணியும் செய்த வேலையை நுரைக் காலணியில் பசையே செய்கிறது. எனவே பசையை எவ்வாறு உலர்த்துகிறோம் என்பதைப் பொறுத்தே காலணியின் ஆயுள் அமைகிறது. அதைச் செய்யும் தொழிலாளியின் உடல்நலமும் அதே கேள்வியைப் பொறுத்ததாக இருப்பதுதான் இதன் முக்கியத்துவத்திற்குக் காரணம்.

உத்தரப் பிரதேசத்தில் உள்ள ஆக்ரா நகரம் இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டாகும். ஏற்றுமதி செய்யும் பெரிய தொழிற்சாலைகள் அங்கு உள்ளன. அவற்றோடு, வீட்டின் ஓர் அறையிலோ மாடியிலோ குடும்பத்தாரும் சில கைவினைஞர்களும் கூடிக் காலணி செய்யும் பட்டறைகளும் ஏராளமாக உள்ளன. இவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் ஈடுபட்டுள்ள ஜாதவ சமூகத்தினர். தாங்கள் செய்த காலணிகளைக் கூடையில் சுமந்து, ஹீங் கி மண்டி என்னும் மொத்த விற்பனைச் சந்தைக்குக் கொண்டு செல்வது நெடுங்கால வழக்கம்.

கரைப்பான் பசையின் இருமுகங்கள்

இத்தகைய பட்டறைகளில் வழக்கமாகப் பயன்படுவது கரைப்பான் பசை ஆகும். பாலிகுளோரோபிரீன் ரப்பரையோ பாலியூரித்தேனையோ டொலுவீன், ஹெக்சேன், அசிட்டோன் போன்ற திரவங்களில் கரைத்து இது தயாரிக்கப்படுகிறது. இரு பரப்புகளிலும் பசையைத் தடவி, கரைப்பான் ஆவியாகிப் பரப்பு தொட்டால் ஒட்டும் பதத்திற்கு வந்தபின் அழுத்தி இணைப்பர். கரைப்பான் விரைவில் ஆவியாவதால் தனியாக உலர்த்தும் கருவி தேவைப்படுவதில்லை. அறையின் காற்றே உலர்த்தியாகிறது. முதலீடு இல்லாதவருக்கு இது பெரும் வசதி.

ஆனால் ஆவியான கரைப்பான் அந்த அறையிலேயே தங்குகிறது. நார்மல் ஹெக்சேனின் ஆவி நரம்புகளைத் தாக்கக்கூடியது. முதலில் கால் விரல்களும் கை விரல்களும் மரத்துப்போகும். பிறகு தசைகள் வலுவிழக்கும். 1960களில் ஜப்பானில் செருப்புத் தயாரிப்பில் ஈடுபட்டிருந்த தொழிலாளர்களிடம் இந்நோய் பரவலாகக் கண்டறியப்பட்டது. முன்னர் பசைகளில் கலந்திருந்த பென்சீன் இதைவிடக் கொடியது. 1970களில் இஸ்தான்புல் நகரக் காலணித் தொழிலாளரிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவர் முசாஃபர் அக்சோய் எடுத்துக்காட்டினார். பென்சீனால் விளையும் தீங்கைத் தடுப்பதற்கான உடன்பாட்டைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1971இல் நிறைவேற்றியது. இந்தியா அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது.

தீ விபத்து இரண்டாவது ஆபத்து. 1 லிட்டர் ஹெக்சேன் முழுவதும் ஆவியானால், ஏறத்தாழ 17 கன மீட்டர் காற்றைத் தீப்பற்றக்கூடிய கலவையாக மாற்றிவிடும். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சிறு அறையின் கொள்ளளவு அவ்வளவே. இந்த ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது; ஆகவே அது தரையை ஒட்டித் தேங்கும். அறை முழுவதும் பரவாமலே, தொழிலாளி அமர்ந்து வேலை செய்யும் மட்டத்தில் ஆபத்தான அளவை எட்டிவிடும். 2002 மே மாதத்தில் ஆக்ராவில் ஒரு காலணித் தொழிற்சாலையில் நேர்ந்த தீவிபத்தில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எளிதில் எரியும் பொருள்களுக்கு நடுவே நடைபெறும் தொழிலில் தீ மூண்டால் தப்புவது எவ்வளவு அரிது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

வெப்பமும் காற்றோட்டமும்

உலர்த்தும் கருவியின் தத்துவம் எளியது. பரப்பிலிருந்து திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். ஆவியானதை அகற்றக் காற்று வேண்டும். ஒன்று மட்டும் போதாது. மழைக்காலத்தில் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, நீரை ஏற்கும் திறன் குறைந்தது. அதே காற்றை 55 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 22 சதவீதமாகக் குறைகிறது. காற்றில் உள்ள நீரின் அளவு மாறவில்லை. மேலும் நீரை ஏற்கும் ஆற்றலே பெருகியுள்ளது. அக்காற்றைத் தொடர்ந்து பரப்பின்மீது செலுத்தினால் பசை விரைவில் உலரும்.

கரைப்பான் பசைக்கும் மழைக்காலம் இடையூறு செய்வதுண்டு. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றிலுள்ள நீராவி அதன்மீது பனித்துளிபோல் படிகிறது. அவ்வாறு ஒட்டப்பட்ட அடித்தளம் சில வாரங்களில் கழன்றுவிடும். இதமான வெப்பக்காற்று இக்குறையையும் போக்கும்.

நுரையைப் பொறுத்தவரை இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, நுரை வெப்பத்தைக் கடத்தாத பொருள். மேற்பரப்பில் விழும் வெப்பம் உள்ளே பரவாமல் அங்கேயே தங்குவதால் பரப்பு மிக விரைவில் சூடேறும். அடித்தள நுரையை அளவுக்கு மேல் சூடாக்கினால் அது சுருங்கி வடிவம் மாறும். எனவே 50 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பமே ஏற்றது. இரண்டாவது, தொடக்கத்திலேயே மிகுந்த வெப்பம் தந்தால் பசையின் மேற்பகுதி ஏடுபோல் காய்ந்து, உள்ளிருக்கும் திரவம் வெளியேற வழியின்றி அடைபடும். பின்னர் அது கொப்புளமாக எழும். ஆகவே நல்ல கருவிகளில் முதற்பகுதியில் காற்று மிகுதியாகவும் வெப்பம் குறைவாகவும், அடுத்த பகுதியில் வெப்பம் கூடுதலாகவும் இருக்கும்படி அமைப்பர்.

பெரிய தொழிற்சாலைகளில் நகரும் பட்டையின்மீது காலணிப் பாகங்கள் ஒரு சுரங்கம் போன்ற கூட்டினுள் சென்று உலர்ந்து வெளிவருகின்றன. சிறு பட்டறைக்கு ஏற்றது அலமாரி வடிவக் கருவி. தட்டுகள் அடுக்கிய ஒரு பெட்டி, மூடிய உறையினுள் அமைந்த மின்சூடேற்றி, ஒரு ஊதுவிசிறி, வெப்ப அளவைத் தானே கட்டுப்படுத்தும் சாதனம், ஈரக் காற்றை வெளியேற்றும் குழாய் ஆகியவையே இதன் உறுப்புகள். சூடான காற்றின் பெரும்பகுதியை மீண்டும் சுற்றவிட்டு ஒரு பகுதியை மட்டும் வெளியேற்றுவதால் மின்சாரம் மிச்சமாகும்.

நீர்ப்பசையின் கணக்கு

கரைப்பானுக்குப் பதில் நீரில் பரவிய நிலையிலுள்ள பசைகள் இப்போது கிடைக்கின்றன. நச்சு ஆவி மிகக் குறைவு. தீப்பற்றும் அச்சமும் இல்லை. எனினும் நீரை ஆவியாக்க மிகுந்த வெப்பம் வேண்டுமே என்ற தயக்கம் தொழில் செய்வோரிடம் உள்ளது. 1 கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பமும், 1 கிலோ டொலுவீனுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூலும் தேவை. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆறு மடங்கு வேறுபாடாகத் தோன்றும்.

ஆனால் நீர்ப்பசையில் ஏறத்தாழ பாதி திடப்பொருள். கரைப்பான் பசையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே திடப்பொருள். 1 சதுர மீட்டர் பரப்பில் 50 கிராம் உலர்ந்த பசை படிய வேண்டுமெனில், நீர்ப்பசையில் 50 கிராம் நீரும் கரைப்பான் பசையில் 200 கிராம் கரைப்பானும் ஆவியாக வேண்டும். முன்னதற்கு 120 கிலோஜூல், பின்னதற்கு 80 கிலோஜூல். ஆக, உண்மையான வேறுபாடு ஒன்றரை மடங்கே.

மின்செலவையும் கணக்கிடலாம். ஒரு ஜோடி காலணியில் ஒட்டும் பரப்புகளின் மொத்த அளவு 0.08 சதுர மீட்டர் எனக் கொண்டால், ஏறத்தாழ 250 ஜோடிகளுக்கு 1 கிலோ நீர் ஆவியாக வேண்டும். அதற்கு அடிப்படைத் தேவை மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரம். கருவியின் உடலிலும் வெளியேறும் காற்றிலும் வீணாகும் வெப்பத்தைச் சேர்த்துத் தேவை ஐந்து மடங்காக உயர்ந்தாலும் மூன்றரை யூனிட்டைத் தாண்டாது. எனவே சிறு பட்டறைக்குத் தடையாக இருப்பது மின்கட்டணம் அன்று. கருவியின் விலை, அதை வைக்க இடம், காத்திருக்கும் நேரம் ஆகியவையே தடைகள். கருவியின்றி அறைக்காற்றில் உலர்த்தினால் நீர்ப்பசைக்கு ஒரு மணி அளவு காத்திருக்க நேரும். ஜோடிக் கணக்கில் கூலி பெறுபவருக்கு அது வருமான இழப்பு. வெப்பக்காற்றில் இக்காலம் ஐந்து நிமிட அளவுக்குக் குறைகிறது.

இவ்விடத்தில் ஒரு பிழையான சிக்கனத்தைத் தவிர்க்க வேண்டியுள்ளது. நீர்ப்பசைக்கென அமைந்த கருவியில் கரைப்பான் பசை தடவிய பாகங்களை ஒருபோதும் வைத்தல் கூடாது. கரைப்பானுக்கான கருவியில் ஆவியின் அளவு தீப்பற்றும் எல்லையில் 25 சதவீதத்தைத் தாண்டாதபடி புதுக்காற்று செலுத்தப்பட வேண்டும். 1 கிலோ டொலுவீனுக்கு ஏறத்தாழ 100 கன மீட்டர் காற்று இதற்குத் தேவை. விசிறி ஓடத் தொடங்கிய பின்னரே சூடேற்றி இயங்குமாறும், மோட்டாரில் தீப்பொறி எழாதவாறும் அமைப்பு இருத்தல் அவசியம். அப்போதும் அக்காற்று சுவாசிக்கத் தக்கதன்று. ஹெக்சேனுக்குத் தீயெல்லையின் 25 சதவீதம் என்பது பத்து லட்சம் பங்கு காற்றில் 2,750 பங்கு. தொழிற்சுகாதார வல்லுநர்கள் பரவலாக ஏற்கும் அளவு 50 பங்கே. தீக்குப் பாதுகாப்பான அளவு உடல்நலத்திற்கும் பாதுகாப்பானது என எண்ணுவது தவறு.

பொதுவசதியின் தேவை

ஆக்ராவுக்கு மற்றொரு வரையறையும் உண்டு. தாஜ்மகாலைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 10,400 சதுர கிலோமீட்டர் பகுதியில் தொழிற்சாலைகள் நிலக்கரியையும் கல்கரியையும் எரிப்பதற்கு எதிராக 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே உலர்த்துவதற்கான வெப்பத்தை மின்சாரத்திலிருந்தோ எரிவாயுவிலிருந்தோதான் பெற முடியும். சிறிய அலமாரிக் கருவிக்கு மின்சாரமே எளிது.

சட்டப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்விசை பயன்படுத்தும் இடங்களில் 10 தொழிலாளரையும், பிற இடங்களில் 20 தொழிலாளரையும் வரம்பாகக் கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு தொழிற்சாலைக்கான இவ்வரம்புகளை 20, 40 என உயர்த்தியது. வீட்டுப் பட்டறைகளில் பெரும்பாலானவை இரண்டிலும் அடங்குவதில்லை. கண்டிப்பான ஆய்வு மட்டுமே தீர்வென்று கொண்டால், கருவி வாங்க இயலாதவர் தொழிலைக் கைவிடவோ மேலும் மறைவான அறைக்குள் செல்லவோ நேரும்.

முதலீடு ஏன் இயலவில்லை என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆக்ரா சந்தையில் வணிகர்கள் சரக்குக்கு ரொக்கம் தராமல் ‘பர்ச்சி’ எனப்படும் தவணைச் சீட்டு தருவது நெடுங்காலம் நிலவிய முறை. பணம் உடனே வேண்டுமெனில் கைவினைஞர் அச்சீட்டைக் கழிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இலாபத்தின் ஒரு பகுதி இவ்வாறு கரையும்போது, கருவிக்கென ஒதுக்க எதுவும் எஞ்சுவதில்லை.

ஆகவே பல பட்டறைகள் கூடிப் பயன்படுத்தும் பொதுவசதி மையமே நடைமுறைக்கு உகந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் தொகுப்பு வளர்ச்சித் திட்டம் இத்தகைய மையங்களுக்கு உதவ வழிசெய்கிறது. உத்தரப் பிரதேச அரசு 2018இல் தொடங்கிய ‘ஒரு மாவட்டம், ஒரு பொருள்’ திட்டத்தில் ஆக்ராவுக்குத் தோல் பொருள்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆனால் மையங்களை அமைக்கையில் விலையுயர்ந்த பெரிய எந்திரங்களிலேயே கவனம் செல்வது இயல்பு. ஒட்டும் வேலையை நாளுக்கு இருமுறை மையத்திற்குச் சுமந்து செல்ல எந்தக் கைவினைஞரும் விரும்பமாட்டார். மையம் குடியிருப்புக்கு நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் வேண்டும். அல்லது சிறிய அலமாரிக் கருவிகளை வாடகைக்குத் தந்து பராமரிக்கும் பொறுப்பை அது ஏற்க வேண்டும். நீர்ப்பசையை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக வழங்குவதும், அதைக் கையாளப் பயிற்சி தருவதும் அதனுடன் இணைந்த பணிகள். பசையும் கருவியும் பயிற்சியும் ஒருங்கே வராவிடில், கருவி மூலையில் கிடக்கும்; பழைய பசையே தொடரும்.

தொழில் முன்னேற்றத்தை ஏற்றுமதித் தொகையால் மட்டும் அளக்க முடியாது. ஒரு பெட்டி, ஒரு விசிறி, ஒரு சூடேற்றி ஆகியவற்றால் ஆன எளிய கருவி, அறையில் தேங்கும் நச்சு ஆவியை இல்லாமற் செய்து, மழைக்காலத்திலும் கழலாத காலணியைத் தருமெனில், அது கைவினைஞர் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்வதே திட்டத்தின் வெற்றிக்கு உண்மையான அளவுகோலாகும்.