இறங்கும் விமானத்திற்கு ஏற்ற வேகம்

ஆகாய விமானம் உயரத்தே செல்லுங்கால் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ள இடமுண்டு. தரையை அணுகுங்கால் அவ்விடம் இல்லை. ஆதலின், ஒற்றை எஞ்சினையுடைய சிறு விமானத்தை இறக்குவோன் எவ்வேகத்தைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் நகைப்பர், நகைக்க.

வேகம் குறையக் குறைய, எடையைத் தாங்கும்பொருட்டு இறக்கை காற்றை மேன்மேலும் நிமிர்ந்து எதிர்கொள்ள வேண்டும். அந்நிமிர்வு ஏறக்குறைய 15 பாகையைக் கடக்குமாயின், காற்று இறக்கையின் மேற்புறத்தை விட்டு விலக, தாங்கும் ஆற்றல் திடீரெனக் குன்றும். விமானிகள் இதனை 'ஸ்டால்' என்பர். இந்நிலை நேரும் வேகத்தினும் 1.3 மடங்கு வேகத்தில் இறங்குக என்பது பலரும் கொள்ளும் விதி.

விதி எளிது, அதனைக் கணக்கிடுமிடத்தே இடறுவார் உளர். 1956-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 விமானத்தின் பிற்காலத்து 'எஸ்' வகையை நோக்குவாம். முழு எடையோடு, 'பிளாப்' எனப்படும் இறக்கை மடல்களை முற்றும் தாழ்த்திய நிலையில், வேகமானி 40 நாட் காட்டும்பொழுது அது ஸ்டால் ஆகும். நாற்பதை 1.3-ஆல் பெருக்கின் 52 வரும். அவ்வேகத்தை நம்பி இறங்குபவன் இடரைத் தானே தேடிக்கொள்கின்றான். என்னை? விமானத்தின் மூக்கு மிக நிமிர்ந்திருக்குங்கால், காற்றை ஏற்கும் குழாய் காற்றோட்டத்திற்கு நேராக நில்லாமையின், வேகமானி குறைத்துக் காட்டுகின்றது. பிழை நீக்கிய வேகம் 48 நாட். அதனைப் பெருக்க 62 ஆகும். வேகமானி அறுபதை அணுகுங்கால் அப்பிழை பெரிதும் மறைந்துவிடுதலின், 62 என்பதை அங்ஙனமே கொள்ளலாம். குறுகிய ஓடுபாதைக்கு 61 நாட் என அவ்விமானத்தின் கைந்நூல் விதித்திருப்பதும் இதனோடு ஒக்கும்.

ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவது. சுமை ஐந்தில் ஒரு பங்கு குறையின், வேகம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறையும். மாறாக, உயரம் இழவாது 45 பாகை சாய்ந்து திரும்புங்கால் அவ்வேகம் 1.19 மடங்காகும். ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில் பலர் உயிரிழந்தமைக்குக் காரணம் இதுவே.

அங்ஙனமாயின் வேகத்தை மிகுத்துக்கொள்வது நன்றன்றோ எனின், அன்று. மனைவிக்கு ஐந்து நாட், மக்கட்கு ஐந்து நாட் எனக் கூட்டிக்கொள்ளும் வேடிக்கைப் பேச்சொன்று விமானிகளிடையே உண்டு. வேகம் பத்தில் ஒரு பங்கு மிகின், இயக்க ஆற்றல் நூற்றுக்கு 21 பங்கு மிகும். விமானம் தரையைத் தொடாது மிதந்து சென்றுகொண்டே இருக்கும். வலிந்து இறக்க முயலின் முன்சக்கரம் முதலில் மோதித் துள்ளும். மனைவி மக்கட்கு இதனால் நன்மை யாதும் இல்லை.

காற்று விட்டுவிட்டு வீசுங்கால் மட்டும் சிறிது கூட்டுவர். 12 நாட் வேகத்தில் வீசும் காற்று இடையிடையே 20 ஆகுமாயின், வேறுபாடாகிய எட்டிற் பாதி, அஃதாவது 4 நாட். ஓடுபாதை குறுகியதாயின், அந்நான்கிற்கும் இடமுண்டோ எனக் கைந்நூலின் தூர அட்டவணையைப் பார்த்த பின்னரே கூட்டல் வேண்டும்.