எஞ்சினை மாற்றினோம்; விசிறியை மறந்தோம்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு மோட்டாரில் செல்வது தூரத்தைக் கொண்டு பார்த்தால் பெரிய பயணமன்று. காலி வீதி வழியே பம்பலப்பிட்டியையும் கொள்ளுப்பிட்டியையும் கடந்து, காலிமுகத்திடலின் கடற்காற்றை அனுபவித்து, கோட்டையையும் புறக்கோட்டையையும் தாண்டினால் கொட்டாஞ்சேனை வந்துவிடும். ஆனால், ஒரு பழைய மோட்டாரின் உடல்நிலையைச் சோதிப்பதற்கு இதைவிடச் சிறந்த பாதை கொழும்பில் இல்லை எனலாம். காலிமுகத்தில் சுகமாக ஓடும் வண்டி, செட்டியார் தெரு நெரிசலில் தன் நோயை ஒளிக்காமல் காட்டிவிடும்.

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் அவ்வாறுதான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தன் நோயைக் காட்டிற்று. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு அண்ணரும் நானும் சென்றோம். செட்டியார் தெருவில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. ஜம்பட்டா வீதியை அடைந்தபோது முன்மூடியின் இடுக்குகளிலிருந்து வெண்புகைபோல் நீராவி கிளம்பிற்று. வண்டியை ஓரமாக நிறுத்திய அண்ணர், முன்மூடியைத் தூக்கி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார்.

“தம்பி, கையை எடுங்கோ! மூடியிலை கை வையாதேயுங்கோ!”

பக்கத்து ஒழுங்கையிலிருந்த சிறு கராஜிலிருந்து ஒரு முதியவர் ஓடிவந்தார். அங்குள்ளோர் அவரைப் ‘பாஸ்’ என்றே அழைத்தனர். அவர் தம் வலது முழங்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. “இருபது வயதிலை நானும் இப்படித்தான் அவசரப்பட்டனான்” என்றார்.

மூடி ஏன் அவ்வளவு ஆபத்தானது?

மாணவர்கள் இதை அறிந்திருத்தல் நன்று. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மோட்டாரில் நீர் திறந்த பாத்திரத்தில் இருப்பதில்லை. ரேடியேட்டர் மூடியிலுள்ள வில் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடியானால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 111 பாகைக்கு உயரும். 15 இறாத்தல் மூடியானால் ஏறத்தாழ 121 பாகைக்கு உயரும். சூடான எஞ்சினின் மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்குகிறது. அதுவரை நீராக இருந்ததில் ஒரு பகுதி அக்கணமே நீராவியாகிச் சீறி மேலே பாயும். முகமும் கண்ணும் அங்கேதான் குனிந்திருக்கும். ஆகவே, குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மேற்குழாயைத் தொட்டால் கை சுடவில்லை என்று கண்ட பின்னரே மூடியைத் தொட வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தில் பாஸ் எங்கள் காரின் வரலாற்றைக் கேட்டார்.

புதிய இதயம் பெற்ற பழைய கார்

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். அதனை உருவாக்கியவர் அலெக் இசிகோனிஸ். 1971இல் அதன் உற்பத்தி முடிந்துவிட்டது. ஆயினும் இலங்கையின் வீதிகளில் அது இன்றும் ஓடுகிறது. எங்கள் கார் 1958ஆம் ஆண்டுக்குரியது; 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டப்பெற்றது. அப்பா காலமாகும் வரை அதனைத் தம் கையாலேயே பராமரித்து வந்தார்.

2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை எங்கோ ஏறிற்று. கையிலுள்ளதைக் காப்பாற்றுவதே பல குடும்பங்களுக்கு வழியாயிற்று. எங்கள் எஞ்சின் நீலப்புகை கக்கத் தொடங்கியபோது, பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய ஜப்பானிய எஞ்சினை வாங்கிப் பூட்டினோம். டட்சன் ‘சனி’ கார்களில் ஓடிய 1171 கன சென்ரிமீற்றர் எஞ்சின் அது. மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை எவ்வளவு பெயர் பெற்றது என்பதைக் கொழும்பு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. (எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் உள்ளதாகையால், மாற்றுவோர் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஒழுங்குகளை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.)

புதிய எஞ்சின் நன்றாகவே இழுத்தது. ஆனால், நெரிசலில் நின்றால் சூடேறிற்று. வேலையைச் செய்த கராஜில் ரேடியேட்டரின் உட்பகுதியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னார்கள், எறிந்தோம். பணம் போயிற்று, சூடு போகவில்லை. “இனி இதை வித்துப் போடுங்கோ” என்று அம்மா ஒரு நாள் சொன்னார். அப்பாவின் காரை விற்கும்படி அவர் வாயால் சொன்னது எங்களுக்கு எஞ்சின் சூட்டைவிடக் கடுமையாகச் சுட்டது. பார்க்க வருவதாக ஒருவர் நாளும் குறித்திருந்தார்.

பாஸின் முதற் கேள்வி

“எப்ப சூடேறுது? ஓடேக்கையா, நிக்கேக்கையா?” என்று கேட்டார் பாஸ்.

மூன்று மாதமாக எங்களை யாரும் கேட்காத கேள்வி அது. மருத்துவர் நாடி பிடிப்பதைப் போன்றது அக்கேள்வி. எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, குளிர்விக்கும் நீர் வழியாக வெளியேற வேண்டும். தண்ணீர்ப் பம்பு நீரை எஞ்சினுக்குள் ஓட்டுகிறது. நீர் சூட்டை ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று அச்சூட்டைப் பறித்துச் செல்கிறது. நீரோட்டம், காற்றோட்டம் ஆகிய இரண்டில் எது குறைந்தாலும் எஞ்சின் கொதிக்கும்.

வண்டி வேகமாக ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகும்; விசிறியின் தயவு தேவையில்லை. ஆகவே, ஓட்டத்தில் சூடேறுமானால் பெரும்பாலும் நீரோட்டத்தில் குறை என்று கொள்ளலாம்: அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த பம்பு, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் கீழ்க்குழாய் போன்றவை. ஓட்டத்தில் குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சூடேறுமானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விசிறியை.

“காலிமுகத்தில் முள் இறங்கும், புறக்கோட்டையில் ஏறும்” என்றார் அண்ணர்.

“அப்ப ரேடியேட்டருக்கு ஏன் காசு கொடுத்தனீங்கள்?” என்று கேட்டுச் சிரித்தார் பாஸ்.

தாள் சொன்ன தீர்ப்பு

பழைய எஞ்சினில் விசிறி பட்டியால் சுழன்றது. புதிய எஞ்சினின் விசிறி இலைகள் ரேடியேட்டரில் முட்டியபடியால், அதனைக் கராஜில் கழற்றிவிட்டார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் அப்பா பல ஆண்டுகளுக்கு முன் பூட்டிய சிறு மின்விசிறி ஒன்று இருந்தது. அதுவே போதும் என்று விட்டார்கள். ஓட்டுநர் பக்கத்திலுள்ள சுவிட்சைப் போட்டால் அது ஒழுங்காகச் சுழன்றது. ஆகையால் அதில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

எஞ்சின் ஆறியதும் பாஸ் நீரை மெதுவாக ஊற்றி நிரப்பினார். மூடியின் ரப்பரையும் பம்பின் பட்டியையும் பார்த்தார். பின்னர் எங்கள் காரின் பின்னிருக்கையில் கிடந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் ஒரு தாளை எடுத்து, முன்கிராதிக்கு எதிரே தூக்கிப் பிடித்து, “விசிறியைப் போடுங்கோ” என்றார்.

விசிறி சரியாக வேலை செய்தால் அது வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். தாள் கிராதியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் தாளோ படபடத்து வெளிப்புறமாகப் பறந்தது. அவர் முகத்தில் சூடான காற்று அடித்தது. எஞ்சின் அறையின் வெப்பக் காற்றையே அவ்விசிறி இழுத்து, ரேடியேட்டர் வழியாக வீதிக்குத் தள்ளிக்கொண்டிருந்தது!

“விசிறி சுத்துது எண்டு எல்லாரும் பார்த்தவை. எந்தப் பக்கம் சுத்துது எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை” என்றார் பாஸ்.

அப்பா தவறாகப் பூட்டினாரா என்று நான் கேட்டேன். பாஸ் தலையை அசைத்து மறுத்தார். அவர் விளக்கிய காரணம் இதுதான். பழைய மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அப்பா அதற்கு ஏற்றபடியே விசிறியின் நேர்முனை வயரை உடலில் பொருத்தினார். அது சரியாகவே சுழன்றது. ஜப்பானிய எஞ்சினோடு வந்த மின்பிறப்பாக்கிக்கு எதிர்முனை உடலில் இருத்தல் வேண்டும். ஆகவே, கராஜில் பற்றரியைத் திருப்பி இணைத்தார்கள். விளக்குக்கும் ஹோர்னுக்கும் இந்த மாற்றத்தால் குறையொன்றுமில்லை. அவை முன்போலவே வேலை செய்தன. ஆனால், இத்தகைய சிறு மின்மோட்டாரில் மின்னோட்டம் திரும்பினால் சுழலும் திசையும் திரும்பிவிடும். ஒருவரும் தொடாத விசிறி, தொடாமலேயே பழுதாயிற்று.

பாஸ் இரண்டு வயர்களையும் கழற்றி இடம் மாற்றினார். பத்து நிமிட வேலை. தாள் கிராதியில் ஒட்டிக்கொண்டது. அவர் கேட்ட கூலியோ நாங்கள் ரேடியேட்டருக்குக் கொடுத்ததில் ஒரு சிறு துளி.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்

எஞ்சினை மாற்றிய வண்டி சூடேறுமானால், பணத்தைச் செலவிடுமுன் பின்வருவனவற்றை ஒழுங்காகப் பாருங்கள்.

முதலாவது, நீர். குளிர்ந்த நிலையில் மட்டம் குறைந்திருக்கிறதா, எங்கேனும் கசிகிறதா என்று பாருங்கள். கடலோரக் கிணறுகளின் உவர்நீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது உலோகத்தை அரிக்கும். நம் நாட்டில் நீர் உறையாதெனினும், துருவைத் தடுப்பதற்காகக் கூலண்ட் சேர்த்தல் நன்று.

இரண்டாவது, உள்ளே சிக்கிய காற்று. புதிய எஞ்சினின் தலை ரேடியேட்டரைவிட உயரமாக அமைந்துவிட்டால், உச்சியில் காற்று தங்கி நீரைத் தடுக்கும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து, மெதுவாக நிரப்பினால் காற்று வெளியேறும்.

மூன்றாவது, தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிவது வைத்தியமன்று. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எரிபொருளும் வீணாகும், எஞ்சினும் தேயும். ஒரு பழைய பாத்திரத்து நீரில், அடியில் படாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். பெரும்பாலானவை 82 பாகையளவில் திறக்கத் தொடங்கும். திறவாதது பழுது. நாங்களும் புதியதொன்றை வாங்கி, அம்மாவின் சமையலறையில் இவ்வாறு சோதித்த பின்னரே பூட்டினோம்.

நான்காவது, விசிறி. சுழல்கிறதா என்பதோடு, எத்திசையில் காற்றைத் தள்ளுகிறது என்பதையும் தாளைக் கொண்டு பாருங்கள். சுழலாவிட்டால் பியூஸ், ரிலே, வெப்ப சுவிட்ச், உடலோடு சேரும் வயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய பின்னரும் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். கைவிரலும் சேலைத் தலைப்பும் அதன் அருகே போகாதிருக்கட்டும்.

ஐந்தாவது, வெப்பமானி. முள்ளுக்கும் எஞ்சினில் பொருத்தும் உணர்கருவிக்கும் பொருத்தம் இல்லாவிட்டால், குளிர்ந்த எஞ்சினையும் அது சூடென்று காட்டும். சூடானதைக் குளிரென்றும் காட்டும்.

இவை யாவும் சரியாக இருந்தும் சூடேறுமானால், ரேடியேட்டர் நீரில் இடைவிடாது குமிழி வருகிறதா, எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். அவை ஹெட் கஸ்கட் பழுதின் அடையாளங்கள். அப்பொழுது வண்டியை மேலும் ஓட்டாமல் தேர்ந்த மெக்கானிக்கிடம் சேர்ப்பதே அறிவுடைமை.

அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் கோயிலுக்குப் புறப்பட்டோம். செட்டியார் தெருவில் நெடுநேரம் அசையாமல் நின்றோம். மூவரின் கண்களும் முள்ளின் மேலேயே இருந்தன. அது நடுவில் நின்றது, ஏறவில்லை. “அவர் பூட்டினது பிழைக்கேல்லைத்தானே” என்றார் அம்மா. வீடு திரும்பியதும், காரைப் பார்க்க வரவிருந்தவருக்கு வரவேண்டாம் என்று அண்ணர் சொல்லி அனுப்பினார்.

மோட்டாருக்கு மட்டுமன்றி வேறு பலவற்றுக்கும் பொருந்தக்கூடிய பாடம் ஒன்றை அன்று கற்றோம். ஒன்றை மாற்றிய பின் குறை தோன்றினால், மாற்றியதை மட்டும் பார்த்தல் போதாது; அதனை மாற்றியதால் வேறு எது மாறிற்று என்பதையும் பார்த்தல் வேண்டும்.